செயினை விட்டு இறங்கிய சத்தம்

தருவைமேட்டில் அந்த வருசத்துக்குச் சத்தம் இறங்கின வருசம் என்றுதான் பேர். அந்த வருசம் பிறந்த பிள்ளைகளுக்கும், அந்த வருசம் போட்ட தார்ச்சாலைக்கும், அந்த வருசம் விளைந்து அம்பாரம் அம்பாரமாகக் குவிந்த உப்புக்கும் அதுவே அடையாளம். கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில், கண் கூசும் வெள்ளைப் பாத்திகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஊர் அது. ஊர்க்காற்றில் உப்பு இருந்தது, சோற்றுப் பானையின் மூடியில் உப்பு இருந்தது, கதவின் கீல்களை உப்புத் தின்றது, நாற்காலியின் கால்களை உப்புத் தின்றது. உப்பளத்துக் கங்காணி தவசிமுத்துவின் மோட்டார் சைக்கிள் செயினையும் உப்புத் தின்றது; தின்று தின்று அதற்கு ஒரு குரலைக் கொடுத்தது.

கிர்ரக், கிர்ரக், கிர்ரக், டக். இதுதான் அந்தக் குரல். இன்ஜின் நல்ல இன்ஜின், ஊரில் ஓடும் மற்ற வண்டிகளைப் போலத்தான் உறுமும். அதை வைத்து யாருடைய வண்டி என்று சொல்ல முடியாது. செயின் மட்டும் தவசிமுத்துவுக்கே உரியது. விடிகிற நேரத்தில் அது தெருவைக் கடந்து உப்பளத்துச் சாலையில் திரும்பும்போது, வரப்பில் குந்தியிருந்த ஆண்கள் பீடியை எறிவார்கள், தூக்குவாளியைத் திறந்த பெண்கள் மூடுவார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தவர்கள் நிமிர்வார்கள். பொழுது சாய்ந்து அது வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது, அவர் மனைவி சந்தனமாரி எழுந்து சேலையை உதறுவாள், டிவி நிற்கும், மகள் பொன்ரதி பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பாள். இதெல்லாம் அவர் வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஆகவே தவசிமுத்து எழுந்திருக்கும் மனிதர்களைப் பார்த்ததே இல்லை, எழுந்து நிற்கும் மனிதர்களைத்தான் பார்த்தார். உலகம் இப்படி நின்றுகொண்டேதான் இருக்கும்போல என்று நினைத்து, அவரும் நின்றார். அவர் யாரையும் அடித்ததில்லை, யாருக்கும் கூலியைப் பிடித்ததில்லை, ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அவருக்குப் பதிலாக வண்டி போட்டது.

மெக்கானிக் எபனேசருக்குத்தான் அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த அவர், மற்றவர்கள் அழுக்குச் சட்டையைப் பார்த்து முகம் சுளிப்பதைப் போல, அழுக்குச் செயினைக் கேட்டு முகம் சுளிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாலையின் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"வே, இறங்கும். இனி இந்த வண்டி என் கடையத் தாண்டிப் போகக் கூடாது."

"நேரமாச்சு எபனேசரு. களத்துக்குப் போகணும்."

"செயினு அறுந்து சக்கரத்துல சுத்துச்சுன்னா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவீரு. இறங்கும்ங்கேன்."

தவசிமுத்து இறங்கினார். எபனேசர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அவருக்கே சொல்லிக்கொள்வதைப் போலச் சொன்னார்: "சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் டக்குன்னா பேரிங்கு போயிருக்கும். இது அப்படி இல்ல. செயினு முழுசா ஒரு சுத்து வந்தாத்தான் டக்குங்கு. அப்போ செயின்ல ஒரு கண்ணி மடங்க மாட்டேன்னு வீம்பு பிடிக்கு. மத்த கண்ணியெல்லாம் எண்ணெய் கேட்டு அழுகு." விரலால் செயினைக் கீழிருந்து தூக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் தொளதொளவென்று தொங்கியது, இன்னோரிடத்தில் விறைத்து நின்றது. பல்சக்கரத்தின் பற்களைத் தடவிப் பார்த்தார். தேய்ந்திருந்தன, ஆனால் இன்னும் கொக்கிபோல வளையவில்லை. "தப்பிச்சீரு. கழுவினாப் போதும்" என்றார்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டார். பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் துருவும் உப்பும் மணலும் கரைந்து தட்டு கறுத்தது. வீம்பு பிடித்த கண்ணியைக் கண்டுபிடித்து, இரண்டு குறடால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து அசைத்து, அது தானாக மடங்கும்வரை விடவில்லை. துணியால் துடைத்து, மாட்டி, பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இழுத்து, நடுவில் தூக்கினால் ஓர் அங்குலம் ஆடுகிற மாதிரி வைத்து, நட்டை இறுக்கினார். கடைசியாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே செயினின் உள்பக்கத்தில் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சக்கரம் சுற்றியது. ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது. வண்டியிலிருந்து அல்ல, மண்ணெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து. கிர்ரக், கிர்ரக், கிர்ரக், டக். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டது, பிறந்த கன்றுக்குட்டி காலூன்றிப் பழகுவதைப் போல விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு கொட்டகையை விட்டு வெளியே போய்ச் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்தின் நிழலில் கேட்டது.

"வே, உம்ம சத்தம் போகுது, பாரும்" என்றார் எபனேசர், கையைத் துடைத்துக்கொண்டே.

"போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தவசிமுத்து வண்டியை எடுத்தார். அவருக்கு நேரமாகியிருந்தது.

சத்தம் முதல் நாள் முழுக்க ஊரைச் சுற்றிப் பார்த்தது. டீக்கடைக்கு வந்தபோது பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்; வண்டியும் இல்லை ஆளும் இல்லை என்று தெரிந்த பிறகும், உட்கார ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஆறிய டீயை நின்றுகொண்டே குடித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் போய் அது நின்றது. முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் தங்களுக்கு நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, வரிசை நகர நகர அந்த இடத்தையும் நகர்த்திக்கொண்டே போனார்கள். நாய்கள் ஒருநாள் குரைத்தன, மறுநாள் கூடவே நடந்தன. சுடலைமாடன் கோயில் பூசாரி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது சாமியும் இல்ல, பேயும் இல்ல, வெறும் சத்தம்தான்" என்று சொல்லித் திருநீற்றுத் தட்டோடு திரும்பிப் போனார். பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் அதை வகுப்புக்குள் கூட்டிப்போய், ஒலி எப்படிப் பரவுகிறது என்ற பாடத்தை அதை வைத்தே நடத்தினார். முக்கு வீட்டு மருமகள் ஒருத்திக்கு ராவும் பகலும் அழுகிற கைப்பிள்ளை. ஒரு மத்தியானம் ஓய்ந்துபோய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பின்னால் நடந்தாள். கிர்ரக் கிர்ரக் என்று கேட்டதும் பிள்ளை கண் சொருகியது. அதன்பிறகு அந்த வீட்டு வாசலில் ஓர் அகலில் எண்ணெய் வைத்தார்கள். எண்ணெய் வைத்த வாசல்களில் அது சற்று மெதுவாகவே கேட்டது.

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். டெய்லர் கடைக்காரர், தன் மிஷினின் சத்தம் எது, அந்தச் சத்தம் எது என்று பிரிக்க முடியாமல் ஊசியை ஒடித்துக்கொள்வதாகப் புகார் கொடுத்தார். பஞ்சாயத்துத் தலைவி தாயம்மாள் கூட்டம் போட்டாள். கடலில் கொண்டு விட்டுவிடலாம் என்றார் ஒருவர். மீன் ஓடிவிடும் என்றார்கள் வலைக்காரர்கள். பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார் இன்னொருவர். அடுத்த ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று தாயம்மாள் கேட்டாள். பரீட்சை நடக்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக் கூடாது, டெய்லர் கடைப் படி ஏறக் கூடாது, மற்றபடி இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. முடிவை அதனிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் எபனேசரைப் பார்த்தார்கள். அவர் வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அது கேட்டு நடந்தது.

பேர் வைத்தது யார் என்று தெரியாது. அந்த வாரக் கடைசியில் ஊர் முழுக்க அதைக் கங்காணி என்றே சொன்னார்கள். கங்காணி குளத்துப் பக்கம் போறாரு, கங்காணி வெயிலுக்கு ஆலமரத்தடியில நிக்காரு என்றால் அது சத்தம். தவசிமுத்துவைச் சொல்ல வேண்டுமானால் சத்தமில்லாக் கங்காணி என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு நடந்தது வேறு. சத்தம் இல்லாத வண்டியில் அவர் முதல்முறையாக மனிதர்கள் உட்கார்ந்திருக்கையில் போய்ச் சேர்ந்தார். உப்பளத்தில், அம்பாரத்தின் மறுபக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது, இந்தப் பக்கத்தில் பெண்கள் கால்களை நீட்டி உட்கார்ந்து, பாதத்து வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பேசுவது கேட்டது.

"நல்ல மனுசன்தான், இல்லைங்கல. ஆனா ஒரு நாளாச்சும் அவர் உக்காந்து நீ பாத்திருக்கியா?"

"வீட்டுலயும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாரோ என்னவோ."

"மாரி மைனிகிட்ட கேக்கணும்."

அவர் இருமினார். இருமல் சத்தத்தில் எல்லாரும் பதறி எழுந்தார்கள். உப்பு வாரும் பெண்களில் வாய்த்துடுக்கானவள் முத்துப்பேச்சி. அவள் மட்டும் எண்ணெய்க் குப்பியின் மூடியை நிதானமாகத் திருகி மூடிவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி? எங்கள வேவு பாக்கத்தான் செயின சரி பண்ணியளா?"

"வேவா? எபனேசரு மறிச்சுப் பண்ணிவிட்டாரு."

"முன்னால நீங்க வாறது தெரியும். இப்போ காத்து மாதிரி வந்து நிக்கிய. முதுக எந்தப் பக்கம் வைக்கன்னே தெரியல எங்களுக்கு."

அன்று மாலைக்குள், தூரத்தில் சாலையோரம் இருந்த குடிதண்ணீர் டிரம்மைப் பாத்திகளுக்கு நடுவில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவர்களுக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை.

வீட்டில் கேட்டதுதான் அவரை நிறுத்தியது. பொழுது சாய்ந்து தெருமுனையில் திரும்பியபோது, எந்த வீட்டிலிருந்தோ ஒரு பெண் சிரிப்பது கேட்டது. மேலே மேலே ஏறி, மூச்சு முட்டி, கடைசியில் விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. யார் இப்படிச் சிரிக்கிறது என்று வண்டியை மெதுவாக்கினார். அவர் வீட்டு முற்றத்திலிருந்து வந்தது அது. சந்தனமாரியின் சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் சிரிப்பின் கடைசியில் விக்கல் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்ஜினை அணைத்து மின்கம்பத்தின் பக்கத்தில் நின்றார். மகளும் சிரித்தாள். இருவரும் எதைப் பார்த்தோ சிரித்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடியும் தொடங்கினார்கள். உள்ளே போனால் அது அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, சிரிப்பு தானாக ஓய்ந்த பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கேட் திறந்த சத்தத்தில் சந்தனமாரி எழுந்து சேலையை உதறினாள். "வந்துட்டியளா. சத்தமே கேக்கலையே" என்றாள்.

மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், மின்கம்பத்தில் ஏதோ பழுது என்பதுபோல அவரும் மேலே பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் மாலை அவர் அப்படி நிற்கையில், சத்தம் அவரைத் தாண்டிக்கொண்டு தெருவுக்குள் போனது. கிர்ரக், கிர்ரக், கிர்ரக், டக். அவர் வீட்டு கேட்டுக்குள் நுழைந்தது. சிரிப்பு கரண்டு போன மாதிரி நின்றது. பாத்திரம் ஒன்று அவசரமாக நகர்ந்தது, புத்தகம் புரண்டது, பிறகு ஒன்றுமில்லை. தான் வீட்டுக்கு வருவது எப்படி இருக்கும் என்பதை, வீட்டுக்கு வராமல் வெளியே நின்று, தவசிமுத்து அன்றைக்குத்தான் கேட்டார்.

சத்தம் தினமும் வந்தது. பழைய வழி அல்லவா, அதற்கு அந்த வீடு தெரியும். இரண்டு மூன்று நாள் அவர்கள் அதற்கும் எழுந்து நின்றார்கள். பிறகு, "அட, இது அதுதான்" என்று உட்கார்ந்தார்கள். பிறகு சிரிப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை; அப்புறம் குறையவும் இல்லை. ஒருநாள் பொன்ரதி அதனிடம் சொல்வது கேட்டது: "வந்துட்டியா? அப்படி அம்மிக்கல்லுப் பக்கம் உக்காரு." இன்னொரு நாள் சந்தனமாரி அதனிடம், களத்தில் இன்றைக்கு வெயில் எப்படி என்று கேட்டாள். அது கிர்ரக் என்றது. அவள், "ஆமா, எங்களுக்கே தாங்கல" என்றாள். அதற்கு அகலில் எண்ணெய் வைத்தார்கள். அதற்கு முன்னால் மனம்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் கேட்டைத் திறந்துகொண்டு அவர் உள்ளே போனதும், எல்லாம் பழையபடி எழுந்து நின்றது. அவரிடமிருந்து கழன்று விழுந்த ஒரு சத்தத்துக்கு அந்த முற்றத்தில் கிடைத்த இடம் அவருக்கு இல்லை.

தவசிமுத்து எபனேசரின் பட்டறைக்குப் போனார்.

"அத எடுத்துத் திருப்பி மாட்டிரும்" என்றார்.

"எத?"

"சத்தத்த. அது இல்லாம வண்டி ஓட்ட ஒரு மாதிரி இருக்கு."

எபனேசர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "வே, சத்தத்த எடுக்கத்தான் நான் படிச்சிருக்கேன், மாட்டப் படிக்கல. நீரு செயினப் பாக்காம உப்புலயே ஓட்டும், புதுசா ஒண்ணு வரும். பழசு வராது. அது உம்ம விட்டுட்டுப் போயி பழகிருச்சு."

"புதுசு எனக்கெதுக்கு?"

"அப்போ வாரா வாரம் துடைச்சு எண்ணெய் விடும். இந்த உப்புக் காத்துல அதுதான் வைத்தியம்" என்று சொல்லிவிட்டு எபனேசர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

தவசிமுத்து துடைக்கவில்லை. தன் கையாலேயே பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, செயின் தொங்குகிற அளவுக்கு விட்டார். உப்பளத்துச் சேற்றை அள்ளிக் கண்ணிகளில் பூசினார். சத்தம் தன் பழைய வீடான செயினை அடையாளம் கண்டு திரும்பி வரும் என்று நினைத்தார். சத்தம் வந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது, செயினின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தெருவில் கைப்பிள்ளையின் அழுகை கேட்டதும் அங்கே போய்விட்டது.

மறுநாள் முற்பகலில், அகலம் குறைந்த வரப்பில் அவர் போய்க்கொண்டிருக்கும்போது, தொங்கின செயின் பல்சக்கரத்திலிருந்து நழுவி இறங்கி மடங்கிச் சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் சாய, தவசிமுத்து இன்னொரு பக்கம், முழங்கால் தண்ணீர்கூட இல்லாத பாத்தியில், இத்தனை வருசமாக அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த உப்புத் தண்ணீரில் முழுசாக விழுந்தார்.

பெண்கள் ஓடிவந்தார்கள். முத்துப்பேச்சி கையைக் கொடுத்துத் தூக்கினாள். முழங்கால் சிராய்ந்திருந்தது, அதில் உப்புத்தண்ணீர் பட்டுத் தீயாக எரிந்தது. "நிக்காதிய, உக்காருங்க" என்று தோளைப் பிடித்து அழுத்தினாள். தவசிமுத்து வரப்பில் உட்கார்ந்தார். நடுவிலிருந்த டிரம்மிலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு வந்து காலில் ஊற்றினார்கள், குடிக்கக் கொடுத்தார்கள். ஒருத்தி தேங்காய் எண்ணெய்க் குப்பியை நீட்டினாள். அவரைச் சுற்றி அவர்களும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து பார்க்கும்போது பாத்திகள் வேறு மாதிரி இருந்தன, வானம் அவற்றில் இன்னும் அதிகமாக இருந்தது.

"இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

"எப்படி?" என்றாள் முத்துப்பேச்சி.

"கால் எரிச்சல்."

"எங்களுக்குத் தெனமும் இப்படித்தான் அண்ணாச்சி." அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள். பிறகு, "வீட்டுக்குப் போங்க. களத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

சிக்கிய செயினை இரண்டு ஆட்கள் விடுவித்துக் கழற்றிக் கொடுத்தார்கள். வண்டியை வரப்பிலேயே விட்டுவிட்டு, செயினைத் துண்டில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தவசிமுத்து உச்சிவெயிலில் நடந்து ஊருக்குள் வந்தார். வேட்டியும் சட்டையும் உடம்பிலேயே காய்ந்து, மடிப்புக்கு மடிப்பு உப்புப் பூத்து, அவர் வெள்ளைவெளேரென்று ஆகியிருந்தார். டீக்கடைக்காரர்கள் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரென்று தெரியவில்லை அவர்களுக்கு.

அன்று பள்ளிக்கு விடுமுறை. வீட்டு முற்றத்திலிருந்து சிரிப்பு வந்துகொண்டிருந்தது. சத்தம் ஏற்கெனவே அங்கே இருந்தது, அம்மிக்கல்லுப் பக்கம், எண்ணெய் குடித்த திருப்தியில் மெதுவாகக் கிர்ரக் கிர்ரக் என்றிருந்தது. (அது பிறகு ஐப்பசி மழையில் உப்பளம் மூடிய நாளில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறைக்குள் குடிபோனதும், இன்றைக்கும் அங்கேயே இருப்பதும் தனிச் செய்தி.) தவசிமுத்துவின் கையில் வண்டி இல்லை. மின்கம்பத்தின் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். முழங்கால் எரிந்தது. இனி நிற்க முடியாது என்று தோன்றியது. திறந்திருந்த கேட் வழியாக உள்ளே போனார்.

முற்றத்தில் பொன்ரதி அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை முன்னால் தள்ளி, இல்லாத பாத்திகளை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். திரும்பும் இடத்தில் நின்று, தொண்டையைச் செருமி, ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் நடந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த சந்தனமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விக்கலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் கண்ணீர் விட்டாள். இத்தனை நாளும் அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது தவசிமுத்துவுக்குத் தெரிந்தது.

பொன்ரதி திரும்பினாள். பார்த்தாள். ஒரு கால் முன்னால் வைத்தபடியே நின்றுவிட்டாள். சந்தனமாரியின் கை சேலையை உதறப் போனது.

"எப்பா" என்றாள் பொன்ரதி. "சும்மாதான் எப்பா. விளையாட்டுக்கு."

முற்றத்தில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தவசிமுத்து செயினை மெல்லத் தரையில் வைத்தார். மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"தோள் சரியில்ல" என்றார்.

"என்னது?"

"தோள இன்னும் கொஞ்சம் தூக்கணும். இடது தோள். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான்."

அவள் நம்பாமல் பார்த்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டினார். இடது தோளைத் தூக்கினார். நெஞ்சைத் தள்ளினார். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பாத்திகளைப் பார்த்தபடி, ஒரு கால் நொண்டிக்கொண்டே நடந்தார். காய்ந்த வேட்டி அப்பளம்போல நொறுங்க நொறுங்க, உப்பு உதிர உதிர நடந்தார். கோடியில் நின்று தொண்டையைச் செருமினார். திரும்பினார்.

சந்தனமாரி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்தின துணி நடுங்கியது, தோள்கள் குலுங்கின. பிறகு அது மேலே மேலே ஏறி, மூச்சு முட்டி, அவர் முகத்துக்கு நேராகவே விக்கலில் போய் முடிந்தது. பொன்ரதி சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெனமும் கம்பத்துப் பக்கத்துல நின்னு என்னத்தக் கேட்டிய?" என்றாள். "எதிர்வீட்டக்கா சொல்லிட்டா."

"சிரிக்கிறத."

"வெளிய நின்னா?"

அவள் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஓர் ஆள் உட்காருகிற இடம்.

"கால்ல ரத்தம் வருது. வந்து உக்காருங்க" என்றாள். பிறகு, அவர் உட்காரப் போகும்போது, கையைத் தூக்கி நிறுத்தினாள். "இல்ல, இருங்க. உக்காருதுக்கு முன்னால இன்னொரு தடவ நடந்து காட்டுங்க."